64 கிலோபைட்டில் ஒரு ஃபோர்க்: பழைய செயலிகளில் சிறிய யூனிக்ஸ்கள் எப்படி ஓடுகின்றன

இசட்80 என்ற செயலி, அதாவது ப்ராசஸர் சிப், 1976-ல் வந்தது. 8086 அதற்கு இரண்டு வருடம் இளையது. இவற்றுக்காக இன்னமும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களை எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், புதிய போர்டுகளில் ஏற்றுகிறார்கள். பழைய ஐபிஎம் பிசி வகைக் கணினிகளுக்கு எல்க்ஸ் இருக்கிறது. 1990களின் நடுவில் லினக்ஸைச் சுருக்கி 8086-ல் ஓடவைக்கும் முயற்சியாகத் தொடங்கி, பல வருடம் அசைவில்லாமல் கிடந்து, இப்போது மறுபடி சுறுசுறுப்பாக நடக்கிறது. இன்னொன்று ஃபூசிக்ஸ். இசட்80, 6502, 6809, 8085, 68000 என்று கைக்குக் கிடைத்த செயலியில் எல்லாம் ஓடும். லினக்ஸின் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், நெடுங்காலம் வேலை செய்த ஆலன் காக்ஸ் இதை 2014-ல் வெளியிட்டார். எல்க்ஸின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் வேகத்தைப் பற்றிக் கேட்பார்கள். 4 மெகாஹெர்ட்ஸில் யூனிக்ஸ் ஓடுமா? அடுத்து நினைவகம். 64 கிலோபைட்டில் கெர்னலும் நிரல்களும் எப்படி அடங்கும்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் வேகம் குறைந்தால் காத்திருக்கலாம், இடம் குறைந்தால் வசதிகளை வெட்டலாம். போர்ட் செய்கிறவரின், அதாவது ஓர் இயங்குதளத்தை வேறு செயலிக்கு ஏற்றபடி மாற்றுகிறவரின், கையைக் கட்டிப்போடுவது மூன்றாவதாக ஒன்று: ஒரு நிரல் தான் நினைவகத்தின் எந்த முகவரியில் இருப்பதாக நம்புகிறதோ, அந்த முகவரியை அதற்கு ஏற்பாடு செய்து கொடுப்பது யார்? செயலியா, நிரலைச் செயலியின் ஆணைகளாக மாற்றும் கம்பைலரா, கெர்னலா? இதற்கான பதில் செயலிக்குச் செயலி மாறும். போர்ட் எவ்வளவு கடினம் என்பதையும், முடிவில் கிடைக்கும் யூனிக்ஸ் எவ்வளவு முழுமையாக இருக்கும் என்பதையும் அந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

இதைப் பார்க்க நல்ல இடம் ஃபோர்க் என்ற சிஸ்டம் கால், அதாவது நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிராசஸ் என்பார்கள். ஒரு பிராசஸ் ஃபோர்க்கை அழைத்தால், அதே நிலையில் அதைப் போலவே இன்னொரு பிராசஸ் உருவாகும். இரண்டும் அதே வரியிலிருந்து மேலே ஓடும். கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் என்ற நிரலில் ஒரு கட்டளையைத் தட்டும்போது நடப்பது இதுதான். ஷெல் தன்னை நகலெடுக்கிறது. நகல், எக்ஸெக் என்ற இன்னொரு சிஸ்டம் காலை அழைத்துத் தன் உடம்பை உதறிவிட்டு அந்தக் கட்டளையின் நிரலாக மாறிவிடுகிறது.

ஃபோர்க் பிறந்ததே ஒரு சின்னக் கணினியில்தான். கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் முதல் யூனிக்ஸை எழுதிய பிடிபி-7-ல் 18 பிட் சொற்கள் 8,192 இருந்தன, அவ்வளவுதான் நினைவகம். ஒரு நேரத்தில் ஒரு பிராசஸ்தான் உள்ளே இருக்கும், மற்றவை டிஸ்கில் காத்திருக்கும். முறை வரும்போது இருப்பதை வெளியே எழுதிவிட்டு அடுத்ததை உள்ளே கொண்டுவருவார்கள். இந்த ஸ்வாப் வேலைக்கான நிரல் முன்பே தயாராக இருந்தது. ஆகவே ஃபோர்க்குக்குச் செய்ய வேண்டியிருந்தது கொஞ்சம்தான். இப்போது நினைவகத்தில் இருக்கும் பிராசஸை டிஸ்கில் ஒரு பிரதி எழுதிவிட்டு, பிராசஸ் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் நகல் தயார். பிடிபி-7-ல் இதற்கு 27 வரி அசெம்பிளி போதுமாக இருந்தது என்று ரிட்சி பிற்பாடு எழுதினார்.

அந்த 27 வரிக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. டிஸ்கில் எழுதிய நகல் திரும்ப உள்ளே வரும்போது, பழைய பிராசஸ் இருந்த அதே முகவரியில்தான் வந்து உட்காரும். எல்லாப் பிராசஸ்களும் மாறி மாறி ஒரே இடத்தில் உட்காருவதால் பாயிண்டர்கள், அதாவது நிரல் சேமித்து வைத்திருக்கும் முகவரிகள், எதுவும் கெடுவதில்லை. பிராசஸ்களை நினைவகத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால்தான் தொல்லை தொடங்கும்.

பிடிபி-11/45 போன்ற அடுத்த தலைமுறைக் கணினிகளில் இந்தத் தொல்லையை வன்பொருள் ஏற்றுக்கொண்டது. நினைவக மேலாண்மை அலகு என்று ஒன்று அதில் வந்தது. நிரல் சொல்லும் முகவரியை வாங்கி, உண்மையான முகவரியாக மாற்றிக் கொடுக்கும் சுற்று அது. ஒவ்வொரு பிராசஸும் தான் பூஜ்யத்தில் தொடங்குவதாக நினைத்துக்கொள்ளலாம், உண்மையில் எங்கே இருந்தாலும் கவலையில்லை. நகலை வேறிடத்தில் வைத்துவிட்டு அலகின் ரிஜிஸ்டர்களை (எண்களை வைத்துக்கொள்ளும் சிறு சேமிப்பிடங்கள்) மாற்றினால் போதும். ஒரு பிராசஸின் முகவரி வெளி அப்போதும் 16 பிட்தான். அந்தக் காலத்து யூனிக்ஸுக்கு 64 கிலோபைட் என்பது அந்நியமான எண்ணே அல்ல. அந்த அளவுக்குள் வளர்ந்த அமைப்புதான் அது.

அதே சமயம் மேலாண்மை அலகு இல்லாத மலிவான பிடிபி-11 கணினிகளும் இருந்தன. பெல் ஆய்வகத்தில் ஹெய்ன்ஸ் லிக்லமா 1970களின் பிற்பகுதியில் அவற்றுக்காக மினி-யூனிக்ஸையும், எல்எஸ்ஐ-11 என்ற மைக்ரோ வடிவத்துக்காக இன்னும் சிறிய ஒன்றையும் செய்தார். சிறிய கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோகும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. அவர் திரும்பிப் போனதும் ஸ்வாப்பின் பக்கம்தான்.

இனி ஒவ்வொரு செயலியாக வருவோம். 8086-லிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் 8085, 8086 கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டிய அனுபவம் பலருக்கு இருக்கும். செக்மெண்ட் (நினைவகத் துண்டு) எண்ணை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டை (அந்தத் துண்டுக்குள் இருக்கும் தூரம்) கூட்டினால் உண்மையான முகவரி கிடைக்கும் என்பது தேர்வுக்காக நெட்டுருப் போட்ட சூத்திரம். 20 பிட் முகவரி, 1 மெகாபைட் வெளி, ஒரு செக்மெண்ட் 64 கிலோபைட். பலரும் இதை இன்டெலின் அசிங்கமான சமரசம் என்றே சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரிய நிரல்களை எழுதுகிறவருக்கு அது தலைவலிதான், மறுக்கவில்லை. ஆனால் சிறிய யூனிக்ஸ் ஒன்றை ஏற்றுகிறவரின் இடத்திலிருந்து பார்த்தால், அந்தச் சூத்திரம் ஒரு வரம்.

ஏன் என்று பாருங்கள். நிரலில் இருக்கும் பாயிண்டர்கள் எல்லாம் வெறும் ஆஃப்செட்கள். செக்மெண்ட் ரிஜிஸ்டரில் இருக்கும் எண் நிரலுக்குள் எங்கும் எழுதப்படவில்லை. அதைப் போட்டுக் கொடுப்பது கெர்னல். அப்படியென்றால் 16 பைட்டுக்கு ஒரு இடம் என்ற கணக்கில், நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் அந்த நிரலை வைக்கலாம். நிரலுக்கு அது தெரியவே தெரியாது. எல்க்ஸில் ஃபோர்க் நடக்கும் விதம் இதை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. நிரலின் ஆணைகள் இருக்கும் செக்மெண்ட் மாறப்போவதில்லை, அதனால் தாயும் (ஃபோர்க்கை அழைத்த பிராசஸ்) சேயும் (அதன் நகல்) ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றன. தரவும் ஸ்டாக்கும் (தற்காலிக எண்களையும் திரும்பும் முகவரிகளையும் அடுக்கி வைக்கும் இடம்) இருக்கும் செக்மெண்டுக்கு மட்டும் புது இடம் பிடித்து, அப்படியே நகலெடுத்து, சேயின் செக்மெண்ட் ரிஜிஸ்டர்களில் புதிய எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது. 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088-ல் முழுசாக 64 கிலோபைட்டை நகலெடுத்தாலும் சுமார் ஆறில் ஒரு விநாடிதான் ஆகும். பெரும்பாலான நிரல்களின் தரவு அதில் ஒரு சிறு பகுதிதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. நிரல் தானாகவே ஒரு செக்மெண்ட் எண்ணை எடுத்து, தூரப் பாயிண்டராக (செக்மெண்ட் எண்ணும் சேர்ந்த முகவரி) தன் தரவுக்குள் சேமித்து வைத்திருந்தால், நகலெடுத்த பிறகும் அது தாயின் இடத்தையே காட்டும். சேய் அதில் எழுதினால் தாயின் தரவு கெடும். அதனால்தான் இந்த வகை அமைப்புகளில் நிரல்கள் பொதுவாகச் சிறு மாதிரியில், அதாவது ஆணைகளுக்கு 64 கிலோபைட், தரவுக்கு 64 கிலோபைட் என்ற எல்லைக்குள் எழுதப்படுகின்றன. எல்லையைத் தாண்டாதவரை மேலாண்மை அலகின் வேலையில் பாதி இலவசமாகக் கிடைக்கிறது. இடமாற்றம் கிடைக்கும். பாதுகாப்பு கிடைக்காது. எந்த நிரலும் செக்மெண்ட் ரிஜிஸ்டரை மாற்றி யாருடைய நினைவகத்தையும் அழிக்கலாம், 8086 தடுக்காது.

கெர்னலுக்கும் இதே 64 கிலோபைட் எல்லை இருக்கிறது, அங்கேதான் எல்க்ஸ்காரர்கள் அதிகம் வியர்வை சிந்தியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கெர்னலின் அட்டவணைகள், ஸ்டாக்குகள், டிஸ்க் பஃபர்கள் (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள்) எல்லாம் ஒரே தரவு செக்மெண்டில் அடங்காது. பஃபர்களை வெளியே வேறு செக்மெண்டில் வைத்தால், கோப்பு முறைமையின் நிரல் அவற்றை நேரடியாகத் தொட முடியாது, ஏனென்றால் அதன் பாயிண்டர்கள் ஆஃப்செட் மட்டுமே உள்ள கிட்டப் பாயிண்டர்கள். அவர்கள் கண்டுபிடித்த வழி, இரண்டு அடுக்கு பஃபர். வெளியே பெரிய கூட்டம் ஒன்று, கெர்னலின் செக்மெண்டுக்குள் சில பஃபர்கள் மட்டும். ஒரு பிளாக்கைப் படிக்கவோ மாற்றவோ வேண்டும்போது அதை உள்ளே நகலெடுத்து, வேலை முடிந்ததும் வெளியே தள்ளுகிறார்கள். கணினியில் 640 கிலோபைட் இருந்தும் 64-இல் நெருங்கிக் கிடப்பதன் விளைவு இது. ஆணைகளின் பக்கமும் நிலைமை அதேதான். அங்கே ஒரு செக்மெண்ட் போதாமல், சில பகுதிகளைத் தூர அழைப்பு வைத்துக் கூப்பிடும் இரண்டாவது ஆணைச் செக்மெண்டுக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

இசட்80-ல் செக்மெண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 16 முகவரிக் கம்பிகள், 64 கிலோபைட், முடிந்தது. ஒரு நிரலை 256-ஆம் முகவரியில் ஓடும்படி கம்பைல் செய்துவிட்டால் அது அங்கேதான் ஓடும். 1980களில் டக் பிரவுன் இசட்80-க்காக ஊஸி என்ற கெர்னலை எழுதினார். யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டியின் நிரலில் ஒரு வரியையும் எடுக்காமல், ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் வசதிகளில் பெரும்பகுதியைத் தானே எழுதிக் கொண்டுவந்தார். அவர் எடுத்ததும் பிடிபி-7-ன் வழிதான். ஒரு பிராசஸ் உள்ளே, மற்றவை டிஸ்கில். ஃபூசிக்ஸ் இந்த ஊஸியின் மரபில் வந்தது.

ஆனால் இசட்80 கணினிகளைச் செய்தவர்கள் 64 கிலோபைட்டோடு நிற்கவில்லை. பேங்க் மாற்றுதல் என்ற உத்தி இருந்தது. 128 அல்லது 512 கிலோபைட் நினைவகத்தைப் போட்டுவிட்டு, அதில் எந்தத் துண்டு இப்போது செயலியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒரு ஐ/ஓ போர்ட் (வெளிச் சுற்றுகளோடு செயலி பேசும் வாசல்) வழியாகத் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு பேங்க் கொடுத்துவிட்டால் எல்லாமே ஒரே முகவரியில் இருப்பதாகத் தோன்றும். ஸ்வாப் தேவைப்படாது. ஆர்சி2014 என்ற இன்றைய இசட்80 கிட்டுக்கு 512 கிலோபைட் ராம் போர்டு உண்டு. அதில் 64 கிலோபைட் வெளி நான்கு 16 கிலோபைட் ஜன்னல்களாகப் பிரிந்திருக்கிறது. எந்த ஜன்னலிலும் நினைவகத்தின் எந்தப் பக்கத்தையும், அதாவது எந்த 16 கிலோபைட் துண்டையும், மாட்டலாம். கொஞ்சம் முரட்டுத்தனமான மேலாண்மை அலகு என்றே சொல்லலாம். ஃபோர்க் வந்தால் தாயின் பக்கத்தை ஒரு ஜன்னலிலும் சேயின் பக்கத்தை இன்னொன்றிலும் மாட்டி நேராக நகலெடுத்துவிடலாம். 4 மெகாஹெர்ட்ஸில் 32 கிலோபைட் நகலெடுக்கக் கால் விநாடிகூட ஆகாது.

எல்லாக் கணினியும் இவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. பலவற்றில் அடியிலிருந்து 48 கிலோபைட்டோ 56-ஓ மொத்தமாக மாறும், மேலே மிச்சமிருக்கும் கொஞ்சம் மட்டும் எல்லா பேங்குக்கும் பொதுவாக இருக்கும். அந்தப் பொது இடம்தான் உயிர்நாடி. பேங்கை மாற்றும் நிரல், மாறும் இடத்திலேயே இருந்தால் அடுத்த ஆணையைப் படிக்கும்போது அது காணாமல் போயிருக்கும். இண்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் வன்பொருள் அழைப்பு, எந்த நேரத்திலும் வரும், அப்போது ஸ்டாக் எந்த பேங்கில் இருந்தது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இண்டரப்ட் ஸ்டாக்கும் பொது இடத்தில். கெர்னலும் பயனர் நிரலும் ஒரே முகவரிகளில் வேறு வேறு பேங்குகளில் இருப்பதால், ஒரு கோப்பைப் படித்து நிரலின் பஃபரில் போடுவதுகூட நேரடியாக நடக்காது. பேங்கை மாற்றி, எழுதி, திரும்ப மாற்றும் சின்னச் சின்ன ரூட்டீன்கள் வேண்டும். அவையும் பொது இடத்தில். பொது இடமோ சில கிலோபைட்தான். பிராசஸ் பற்றிய தகவலும் அதன் கெர்னல் ஸ்டாக்கும் சேர்ந்து சில நூறு பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். இன்றைய 64 பிட் பிசியில் லினக்ஸ் ஒரு த்ரெட்டின் கெர்னல் ஸ்டாக்குக்கு மட்டும் 16 கிலோபைட் ஒதுக்குகிறது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கெர்னலில் சி நிரல் எழுதும் விதமே மாறுகிறது. ஃபங்ஷனுக்குள் பெரிய அணியை அறிவிக்க முடியாது. ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷன் கூடாது. டிஸ்க் பஃபர் ஒன்று 512 பைட், அதில் ஐந்தாறு இருந்தால் அதுவே பெரிய செலவு. ஃபூசிக்ஸில் தொடக்கத்தின்போது மட்டும் தேவைப்படும் நிரலைத் தனிப் பகுதியாகப் பிரித்து வைத்து, பூட் முடிந்ததும் அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதுகாப்பு இல்லாமை இசட்80-ல் எப்படித் தாக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. சி நிரலில் எதையும் காட்டாத நல் பாயிண்டருக்குள், அதாவது பூஜ்யத்தாம் முகவரியில், எழுதுவது சாதாரணத் தவறு. இன்றைய கணினியில் அந்த நிரல் மட்டும் செத்துப்போகும். இசட்80-ல் பூஜ்யத்தாம் முகவரியிலிருந்து, செயலி குதிக்கும் நிலையான இடங்களான ரீஸ்டார்ட் வெக்டர்கள் இருக்கின்றன. வழக்கமான இண்டரப்ட் முறையில் செயலி குதிக்கும் இடம் 56-ஆம் முகவரி, ஹெக்ஸில் 38. நல் பாயிண்டரில் எழுதிய ஒரு ஸ்ட்ரக்சர் அறுபது பைட் நீளமாக இருந்தால், அடுத்த கடிகார இண்டரப்ட்டில் மொத்தக் கணினியும் போய்விடும். ஃபூசிக்ஸ் இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. பூஜ்யத்தாம் முகவரியில் ஜம்ப் ஆணையின் எண்ணான சி3 (ஹெக்ஸில்) இருக்க வேண்டும். இண்டரப்ட் வரும்போது அந்த பைட் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறது. மாறியிருந்தால், இந்தப் பிராசஸ்தான் எழுதியிருக்கிறது என்று பிடித்துவிடலாம். முழுப் பாதுகாப்பு அல்ல, ஆனால் ஒரே ஒரு ஒப்பீட்டு ஆணையில் கிடைப்பதற்கு மிக நல்ல வேலை.

68000-க்கு வந்தால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று தோன்றும். 32 பிட் ரிஜிஸ்டர்கள், 16 மெகாபைட் முகவரி வெளி, சுத்தமான ஆணைத் தொகுதி. அடாரி எஸ்டி, அமிகா, ஆரம்பகால மேக் எல்லாவற்றிலும் இருந்தது இதுதான். ஆனால் ஃபோர்க் விஷயத்தில் 8086-ஐ விட 68000 கஷ்டமான செயலி. இதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் உண்டு. காரணம் எளிது. 68000-ல் பாயிண்டர் என்றால் உண்மையான, முழு முகவரி. ஸ்டாக்கில் திரும்பும் முகவரிகள், பட்டியல்களில் அடுத்த உறுப்பின் முகவரி, எல்லாம் நினைவகத்தின் நிஜமான இடங்கள். பிராசஸை வேறிடத்தில் நகலெடுத்தால் நகலின் பாயிண்டர்கள் எல்லாம் இன்னமும் மூலத்தையே காட்டும். எது பாயிண்டர், எது சாதாரண எண் என்று கெர்னலுக்குத் தெரியாது, திருத்தவும் முடியாது. அதில் பேங்க் இல்லை, செக்மெண்ட் இல்லை. நினைவகம் தாராளமாக இருந்தும், அதே இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க வழியில்லை.

ஆண்ட்ரூ டனன்பாமின் மினிக்ஸ் 1987-ல் முதலில் ஐபிஎம் பிசிக்குத்தான் வந்தது. அங்கே செக்மெண்ட் இருந்ததால் ஃபோர்க் தொல்லை தரவில்லை. அதை அடாரி எஸ்டிக்குக் கொண்டுபோனபோது இந்தச் சுவரில் முட்டினார்கள். அவர்கள் கண்ட தீர்வு நிழல் நகல். ஃபோர்க் ஆனதும் நகலை வேறொரு இடத்தில் வைக்கிறார்கள், ஆனால் அது அங்கே ஓடாது. அதன் முறை வரும்போது இரண்டின் உள்ளடக்கத்தையும் இடம் மாற்றுகிறார்கள். யார் ஓடினாலும் மூல இடத்தில்தான் ஓடுவார்கள். ஒரு வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையை இரண்டு குடும்பம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது மாதிரி. தாயும் சேயும் நெடுநேரம் மாறி மாறி ஓடினால் இது பயங்கர விரயம். ஆனால் நடைமுறையில் ஃபோர்க்குக்குப் பிறகு சேய் உடனே எக்ஸெக் செய்துவிடும். எக்ஸெக் ஆனதும் அது புது நிரல், புது இடத்துக்கு ஏற்றபடி முகவரிகளைத் திருத்தி ஏற்றலாம், நிழல் முடிந்தது. மேலாண்மை அலகு இல்லாத 68000-ல் ஃபூசிக்ஸும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது.

இந்த இடத்தில் யூசிலினக்ஸ் எடுத்த முடிவு வேறு. 1998-ல் பாம் பைலட் வகைக் கருவிகளில் இருந்த மோட்டோரோலா டிராகன்பால் செயலிக்காக லினக்ஸ் 2.0-வை மாற்றி எழுதியவர்கள், ஃபோர்க்கையே விட்டுவிட்டார்கள். வி-ஃபோர்க் மட்டும் கொடுத்தார்கள். அதில் நகலே எடுப்பதில்லை. சேய் தாயின் நினைவகத்திலேயே ஓடும். அது எக்ஸெக் செய்யும்வரை, அல்லது முடியும்வரை, தாய் நின்று காத்திருக்கும். வேகமானது, சிக்கனமானது, ஆனால் இனி இது முழு யூனிக்ஸ் அல்ல. ஃபோர்க் செய்து இரண்டு பக்கமும் தொடர்ந்து ஓடும் நிரல்களை எல்லாம் திருத்தி எழுத வேண்டும். சிறிய லினக்ஸ்களுக்கான பிஸிபாக்ஸ் தொகுப்பில் இரண்டு ஷெல்கள் இருக்கக் காரணங்களில் இதுவும் ஒன்று: ஆஷ் ஷெல்லுக்கு ஃபோர்க் வேண்டும், ஹஷ் ஷெல் அது இல்லாமலும் ஓடும். எனக்கு மினிக்ஸின் வழி மீதுதான் மரியாதை அதிகம். மெதுவாக ஓடினாலும் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு மாறவில்லை. ஆனால் பேட்டரியில் ஓடும் ஒரு கருவிக்கு யூசிலினக்ஸின் முடிவு சரியானது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

6502 பற்றிச் சுருக்கமாக. அதன் ஸ்டாக் 256 பைட், 256-ஆம் முகவரியிலிருந்து 511 வரை, வேறெங்கும் நகராது. பாயிண்டர் வழியாக நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் பூஜ்யப் பக்கம் எனப்படும் முதல் 256 பைட்டுக்குள் அந்தப் பாயிண்டர் இருக்க வேண்டும். சி மொழி எதிர்பார்க்கும் ஸ்டாக்குக்கு அந்த 256 பைட் போதாது என்பதால் கம்பைலர்கள் நிரல் மூலமாக இன்னொரு ஸ்டாக்கைப் போலியாக உருவாக்குகின்றன. ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, அந்த இரண்டு பக்கங்களையும் வன்பொருள் தனித்தனியாகக் கொடுக்காவிட்டால், அவற்றையும் நகலெடுத்தாக வேண்டும். ஓடும், ஆனால் செயலி விரும்பி ஓடுகிற மாதிரி இருக்காது.

கம்பைலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 64 கிலோபைட்டில் கெர்னல் அடங்குமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதுதான். சி நிரலில் லோக்கல் மாறிகள் ஸ்டாக்கில் இருக்கும். ஸ்டாக்கில் இத்தனையாவது பைட்டிலிருந்து 16 பிட் எண் ஒன்றை எடு என்பது ஆயிரக்கணக்கான தடவை வரும் வேலை. 8080-ல் இதற்கு நேரடியான ஆணை கிடையாது. எச்எல் என்ற ரிஜிஸ்டர் ஜோடியில் தூரத்தைப் போட்டு, ஸ்டாக் பாயிண்டரைக் கூட்டி, ஒவ்வொரு பைட்டாக எடுத்து, கடைசியில் ஜோடியை மாற்றிப் போட்டால் எட்டு பைட் ஆகும். இசட்80-ல் ஐஎக்ஸ் ரிஜிஸ்டர் இருக்கிறது, அதை வைத்து இரண்டு ஆணைகளில் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் ஆறு.

8085-ல் ஒரு விசேஷம் உண்டு. இன்டெல் தன் கையேட்டில் சொல்லாமல் விட்ட பத்து ஆணைகள் அதற்குள் இருக்கின்றன. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களிலும் அவை பெரும்பாலும் வருவதில்லை. அவற்றில் ஒன்று, ஸ்டாக் பாயிண்டரோடு ஒரு சிறிய எண்ணைக் கூட்டி டிஇ ஜோடியில் போடும். அது இரண்டு பைட். இன்னொன்று, டிஇ காட்டும் இடத்திலிருந்து 16 பிட் எண்ணை எச்எல்லுக்குக் கொண்டுவரும். அது ஒரு பைட். ஆக மூன்றே பைட்டில் வேலை முடிகிறது. 8080-ல் எட்டு, இசட்80-ல் ஆறு, 8085-ல் மூன்று. சி கம்பைலரைக் கண்ணால் பார்த்து வடிவமைத்தது போன்ற ஆணைகள், அறிவிக்கப்படாமலே போய்விட்டன. ஆலன் காக்ஸ் பிற்பாடு ஃபூசிக்ஸுக்காகத் தானே ஒரு கம்பைலர் தொகுப்பை எழுதினார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து அந்த ஆணைகளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆய்வகக் கிட்டில் எண்களைக் கூட்டிக் கழித்ததோடு 8085-ஐ விட்டுவந்தவர்களுக்கு, அதே செயலி பல பிராசஸ்களை ஓட்டும் யூனிக்ஸைத் தாங்கும் என்பது ஆச்சரியமான செய்தியாகத்தான் இருக்கும்.

பெரிய லினக்ஸும் இந்தப் பிரச்சினையிலிருந்து தப்பவில்லை. லினக்ஸ் 1991-ல் பிறந்தது 386-ல். அந்தச் செயலிக்கான ஆதரவை 2013-ல் வந்த 3.8 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். காரணம் வேகமோ நினைவகமோ அல்ல. நவீன ஃபோர்க் நகலெடுப்பதில்லை. நினைவகத்தின் பக்கங்களைத் தாயும் சேயும் பகிர்ந்துகொள்ளும்படி விட்டு, எழுதக்கூடாது என்று குறித்து வைக்கும். யாராவது எழுத முயன்றால் செயலி நிறுத்திக் கெர்னலிடம் சொல்லும், அப்போதுதான் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நகல் எடுக்கப்படும். 386-ல் ஒரு குறை: கெர்னல் நிலையில் ஓடும்போது அந்தத் தடையைச் செயலி கண்டுகொள்ளாது. கெர்னலே பயனரின் பக்கத்தில் எழுதினால் எச்சரிக்கை வராது. அதற்காக ஒவ்வொரு இடத்திலும் தனிச் சோதனை வைக்க வேண்டியிருந்தது. 486-ல் இன்டெல் இதைச் சரிசெய்துவிட்டது. பல செயலிகளை ஒரே நேரத்தில் கையாளத் தேவையான ஒப்பிட்டு மாற்றும் ஆணையும் 486-ல்தான் வந்தது. இந்த இரண்டுக்காகவும் 386-ஐச் சுமந்துகொண்டிருந்தவர்கள் கடைசியில் இறக்கி வைத்தார்கள்.

ஃபோர்க் தேவைதானா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. 2019-ல் சில இயங்குதள ஆய்வாளர்கள் சேர்ந்து, ஃபோர்க்குக்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, புதுப் பிராசஸை நேரடியாக உருவாக்கும் சிஸ்டம் கால்களே மேல் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரிய கணினிகளைப் பொறுத்தவரை அவர்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. சிறியவற்றில் கதை வேறு மாதிரி. ஒரே பிராசஸை உள்ளே வைத்து மற்றதை டிஸ்குக்குத் தள்ளும் கணினியில் ஃபோர்க்தான் மிக மலிவான வழி, 27 வரியே அதற்குச் சாட்சி.

பழைய செயலிகளோடு இந்த விவகாரம் முடிந்துவிடவும் இல்லை. 2021-ல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்பி2040 சிப்பில் இரண்டு ஏஆர்எம் கோர்கள், 133 மெகாஹெர்ட்ஸ், 264 கிலோபைட் ராம். போர்டின் விலை அப்போது 4 டாலர். வந்த சில வாரங்களிலேயே டேவிட் கிவன் அதற்கு ஃபூசிக்ஸைக் கொண்டுபோனார். வேகத்தில் அந்தக் காலத்து இசட்80-யை எங்கோ விட்டுவிட்டது. முகவரி விஷயத்தில் மட்டும் 68000 நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதில் நினைவகப் பாதுகாப்பு அலகு உண்டு. இந்த நிரல் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று தடுக்கும். ஆனால் முகவரியை மாற்றிக் கொடுக்காது. அதனால் அங்கே ஃபோர்க் செய்ய ஸ்வாப், இடமாற்று நகல் போன்ற பழைய வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதில் செலவு எதுவும் இல்லை. எல்க்ஸின் 1.44 மெகாபைட் ஃபிளாப்பி பிம்பத்தை, வேறு கணினியைப் போல நடிக்கும் கியூஎமு என்ற நிரலில் ஓட்டலாம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ஃபூசிக்ஸில் ஒவ்வொரு கணினிக்கும் தனி அடைவு உண்டு. பல போர்ட்களின் அடைவில் ட்ரிக்ஸ் என்று பெயரிட்ட ஒரு அசெம்பிளி கோப்பு இருக்கும். பிராசஸை மாற்றுவதும் ஃபோர்க்கும் அதற்குள்தான். இரண்டு வெவ்வேறு கணினிகளின் ட்ரிக்ஸ் கோப்புகளைத் திறந்து அருகருகே வைத்துப் படித்தால், அந்தக் கணினிகளின் நினைவகம் எப்படி அமைந்திருக்கிறது என்பது வரிக்கு வரி தெரிந்துவிடும்.